கார் நிற்கும் கல்

கோட்டா கல்லுக்குப் பெயர் கொடுத்தது ராஜஸ்தானின் கோட்டா நகரம். கல் பிறப்பதோ அங்கிருந்து தெற்கே சுமார் 70 கிலோமீட்டரில், டெல்லி–மும்பை ரயில் பாதை கடந்து போகும் ராம்கஞ்ச் மண்டியைச் சுற்றிய சுரங்கங்களில். மோரக், சுகேத், சேச்சட் என்று பக்கத்து ஊர்களிலும் அதே கல்தான். டைனோசர்கள் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பு, ஆழமில்லாத கடலடியில் படிந்து இறுகிய சுண்ணாம்புச் சேறு அது. விந்தியப் பாறைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நமக்குப் பழக்கமான கடப்பா கல்லும் சுண்ணாம்புக்கல் வகைதான். ஆனால் கோட்டா பச்சை கலந்த நீலத்தில் வரும், பழுப்பிலும் கிடைக்கும்.

ஓலைச்சுவடிக் கட்டைப் பிரிப்பது போல அடுக்கடுக்காகப் பிரிந்து வருவதுதான் இந்தக் கல்லின் பெரிய குணம். கிரானைட்டைப் பாளமாக வெட்டி எடுத்து, பிறகு பெரிய ரம்பத்தில் பலகையாக அறுக்க வேண்டும். கோட்டா அப்படியில்லை. சுரங்கத் தளத்தில் சக்கர ரம்பத்தால் கட்டம் கட்டமாகக் கீறிவிட்டு, பக்கவாட்டில் உளியை வைத்துத் தட்டினால், ஓரளவு சமமான மேற்பரப்போடு பலகை கிளம்பிவிடும். அந்த இயற்கையான மேற்பரப்பில் மெல்லிய மேடுபள்ளம் இருக்கும். கார் நிறுத்தும் இடத்துக்கு வேண்டியது அந்தச் சொரசொரப்புதான். அது வழியில் எப்படித் தொலைந்துபோகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கல்லின் பின்னாலேயே டெல்லி வரை போகிறேன்.

அதற்கு முன் ராம்கஞ்ச் மண்டியில் கொஞ்சம் நிற்க வேண்டும். நல்ல பலகைக்கு ஆசைப்பட்டு மேலே இருக்கும் மண்ணையும் உதவாத பாறையையும் தோண்டிக் கொட்டியதில் அந்த வட்டாரத்தில் செயற்கைக் குன்றுகள் எழுந்திருக்கின்றன. பலகையை அறுத்துத் தேய்க்கும் பட்டறைகளிலிருந்து வழியும் சேறு காய்ந்து, வெள்ளைப் பொடியாகக் காற்றில் பறக்கிறது. கோட்டா கல்லைச் சுண்ணாம்புக்கல் என்று சொன்னாலும் அதில் கால்பங்கை ஒட்டிச் சிலிக்கா இருக்கிறது. ஈரமில்லாமல் அறுத்தால் அந்தச் சிலிக்கா தூசு நுரையீரலில் போய் உட்காரும். கல் தொழிலாளர்களைப் பிடிக்கும் சிலிக்கோசிஸ் நோய்க்காக ராஜஸ்தான் அரசு 2019-ல் தனிக் கொள்கையே வகுக்க வேண்டியிருந்தது. மலிவான கல் என்று விலைப்பட்டியல் சொல்லும்போது, இந்தக் கணக்கு அதில் ஏறவில்லை என்பதை வாங்குகிறவர் அறிந்திருக்க வேண்டும்.

லாரி கோட்டா, பூந்தி, தேவ்லி, டோங்க் வழியாக ஜெய்ப்பூரைத் தொட்டு, தேசிய நெடுஞ்சாலை 48-ல் கோட்புத்லி, பெஹ்ரோர் தாண்டி குருகிராம் எல்லைக்கு வருகிறது. பலகைகளைப் படுக்க வைத்தால் உடையும் என்பதால் செங்குத்தாகச் சாய்த்து அடுக்கியிருப்பார்கள். டெல்லிக்குள் நுழையும் சரக்கு லாரி சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கட்டணம் கட்ட வேண்டும். உச்ச நீதிமன்ற உத்தரவால் 2015 நவம்பரில் வந்த ஏற்பாடு அது. கனரக வாகனங்களுக்குப் பகலில் கட்டுப்பாடு இருப்பதால் கல் பெரும்பாலும் இரவில்தான் நகருக்குள் வரும். ரஜோக்ரியிலோ மங்கோல்புரியிலோ கல் சந்தையில் இறங்கி, வாங்க வருகிறவருக்காகக் காத்திருக்கும்.

வாங்க வருகிறவர் யார்? டெல்லியில் கேரேஜ் என்று நான்கு சுவர் கொண்ட தனி அறை இன்று அபூர்வம். பழைய வீட்டை இடித்து, மேலே நான்கு தளம் எழுப்பி, கீழே தூண்களை மட்டும் விட்ட 'ஸ்டில்ட் பார்க்கிங்'தான் கேரேஜ். 2007-ல் அறிவிக்கப்பட்ட டெல்லி மாஸ்டர் பிளான் 2021, உயரம் 2.4 மீட்டருக்குள் அடங்கி வாகனம் நிறுத்த மட்டுமே பயன்படும் தூண்தளத்தைக் கட்டடப் பரப்புக் கணக்கில் சேர்க்காமல் விட்டது. லாஜ்பத் நகர், ராஜௌரி கார்டன், கிரேட்டர் கைலாஷ் என்று தெருத் தெருவாக வீடுகள் தூண்மேல் ஏறின. அந்த இடத்தில் கார் மட்டுமா நிற்கிறது? காவலாளியின் நாற்காலி, துணி தேய்ப்பவரின் மேசை, பிள்ளைகளின் கிரிக்கெட், மழை நாளில் கல்யாணப் பந்தி எல்லாம் அங்கேதான். ஆகவே தரை வண்டியின் பாரத்தையும் தாங்க வேண்டும், வெறுங்காலோடு நடப்பவரையும் வழுக்கிவிடக் கூடாது.

சந்தையில் போட்டிக்குப் பலர் உண்டு. விட்ரிஃபைட் டைல் பார்க்க அழகு. அடியில் சிறு வெற்றிடம் இருந்தால்கூட, பஞ்சர் ஒட்ட ஜாக்கி வைத்த அன்றே விரிசல் விடும். எபாக்சி பூச்சு தொழிற்சாலையில் நன்றாக உழைக்கும். ஆனால் டெல்லி மழைக்காலத்தில் மண்ணிலிருந்து மேலேறும் ஈரம் அதை அடியிலிருந்து உப்ப வைக்கும். 45 டிகிரி வெயிலில் ஓடிவந்த சூடான டயர் அதைப் பிய்த்துக்கொண்டும் போகும். பிவிசி விரிப்பு வாடகை வீட்டுக்குச் சரி. தண்ணீரை உறிஞ்சி எடுத்து இறுக்கும் ட்ரிமிக்ஸ் கான்கிரீட்தான் கோட்டாவுக்கு நிகரான எதிராளி. பெரிய அடுக்கக வளாகங்களுக்கு நான் அதையே சொல்வேன். சின்ன வீட்டுக்குக் கோட்டா போதும். ஒரு பலகை கெட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம்.

ஆனால் எப்படிப் பதிப்பது? மத்திய பொதுப்பணித் துறையின் டெல்லி விலை அட்டவணையில் கோட்டா தரைக்கு ஒரு வரையறை இருக்கிறது: 25 மில்லிமீட்டர் கனக் கல், சராசரி 20 மில்லிமீட்டர் கனத்தில் ஒன்றுக்கு நான்கு சிமென்ட் கலவை, கல்லின் நிறத்துக்கேற்ற சாயம் கலந்த சிமென்ட் பாலால் இணைப்பு, அதோடு தேய்ப்பும் பாலிஷும். அலுவலக வராந்தாவுக்கும் மாடிப்படிக்கும் பொருத்தமான அந்த வேலையைக் கான்ட்ராக்டர்கள் அப்படியே கார் நிறுத்தும் இடத்துக்கும் செய்துவிடுகிறார்கள். தேய்ப்பு இயந்திரத்தில் கரடுமுரடான கல்லில் தொடங்கி நுணுக்கமான கல் வரை மாற்றி மாற்றித் தேய்த்து, ஆக்சாலிக் அமிலம் போட்டுப் பளபளப்பாக்குகிறார்கள். ராம்கஞ்ச் மண்டியிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் பத்திரமாக வந்த சொரசொரப்பு இங்கேதான் போகிறது. ஈரத்தோடு ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் சேர்ந்தால் அந்தப் பளபளப்பில் கால் நிற்காது. அதனால் மிஸ்திரியிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: ஓரம் மட்டும் இயந்திரத்தில் வெட்டியது, மேற்பரப்பு இயற்கையானது, பாலிஷ் வேண்டாம். கனமும் 25 மில்லிமீட்டரோடு நிற்காமல் 35 கிடைத்தால் எடுக்கலாம்.

கல்லைவிட அடித்தளம் முக்கியம். நிரப்பிய மண்ணை மெல்லிய அடுக்குகளாகப் போட்டு, நனைத்து, இடித்து இறுக்காவிட்டால் எந்தக் கல்லும் ஒரு மழைக்காலத்தில் சரியும். இறுக்கிய மண்மேல் கான்கிரீட் படுகை, அதன்மேல் மிஸ்திரிகள் பதர்பூர் என்று அழைக்கும் பருமணலில் கலந்த சாந்து. நூறடிக்கு ஓரடியாவது சரிவு, வடிகால் பக்கம். பதித்த பின் தடியால் தட்டிப் பார்த்து, பொள்ளல் ஒலி கேட்கும் பலகையை அன்றே எடுத்து மறுபடி வைக்கச் சொல்ல வேண்டும். வெயிலும் மழையும் நேராக விழும், வண்டி ஏறிவரும் வாசல் சாய்தளத்துக்குக் கோட்டா வேண்டாம். அங்கே அது நிறம் வெளுத்து, ஏடு ஏடாக உரியும். வரிவரியாகக் கீறிய கான்கிரீட் அங்கே நல்லது.

குளிர்காலத்தில் வேலை தொடங்குகிறவர்களுக்கு இன்னொரு தடை உண்டு. காற்று மாசு முற்றினால், 2017-ல் அறிவிக்கப்பட்ட படிநிலைச் செயல்திட்டத்தின் மூன்றாம் படியில் தரைக்கல் அறுப்பதும் பதிப்பதும் நிறுத்தப்படும். இறக்கிய கல் வாசலிலேயே கிடக்கும். மார்ச்சுக்கும் ஜூனுக்கும் இடையில் முடிப்பதே மேல். அப்போதும் தண்ணீர் விட்டுத்தான் அறுக்க வேண்டும். அறுப்பவருக்கு முகக்கவசம் வாங்கித் தருவது வீட்டுக்காரர் செலவாக இருக்கட்டும்.

கல் பதிந்த பின் அதன் எதிரி அமிலம். சுண்ணாம்பு அமிலத்தில் கரையும். கழிவறை கழுவும் திரவம், பேட்டரியிலிருந்து சிந்தும் கந்தக அமிலம், ஏன், எலுமிச்சைச் சாறுகூட வெள்ளைத் தழும்பை விட்டுப் போகும். பேட்டரி சிந்தினால் உடனே சமையல் சோடாவைத் தூவித் தண்ணீர் ஊற்ற வேண்டும். எண்ணெய்க் கறைக்குச் சுண்ணக்கட்டித் தூளைக் குழைத்து அப்பி, ஓர் இரவு விட்டால் பெரும்பகுதி உறிஞ்சப்படும்.

என்றாவது அந்த வீடும் இடிபடும். ஒன்றுக்கு நான்கு கலவையின் பிடியிலிருந்து முழுதாகப் பெயர்ந்து வரும் பலகைகள் பழைய கட்டடப் பொருள் வியாபாரியிடம் போய், யார் வீட்டு மாடிப்படியாகவோ மறுபடி பதியும். உடைந்தவை கட்டட இடிபாடுகளைப் பக்குவப்படுத்தும் ஆலைக்குப் போகும். இந்தியாவின் முதல் ஆலை 2009-ல் டெல்லி புராரியில் தொடங்கியது. அங்கே நொறுக்கிச் சலித்து, நடைபாதைக் கட்டிகளும் சாலையோரக் கற்களும் வார்க்கிறார்கள்.