ஆமைகள் சுமக்கும் பெயர்கள்

தேர்வு நெருங்கினால் ஹனோய் மாணவர்கள் ஆமையைத் தேடிப் போவார்கள். கல் ஆமை. தலையைத் தடவிவிட்டு வந்தால் பாஸாகிவிடலாம் என்பது நம்பிக்கை. தடவித் தடவித் தலைகள் தேய்ந்துபோனதால் இப்போது தடுப்பு போட்டிருக்கிறார்கள்.

ஆமைகள் இருப்பது வான் மியூ என்ற கன்பூசியஸ் கோயிலில். இலக்கியக் கோயில் என்று அதைச் சொல்வார்கள். 1070இல் லீ தான் தோங் என்ற அரசர் கட்டியது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1076இல், பக்கத்திலேயே அரசுக் கல்விக்கூடமும் வந்தது. முதலில் இளவரசர்களுக்கு, பிறகு அதிகாரிகளின் பிள்ளைகளுக்கு, அதற்கும் பிறகுதான் சாதாரணக் குடும்பத்துக் கெட்டிக்காரர்களுக்கு.

தெற்கு வாசலில் நுழைந்தால் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து முற்றங்கள். முதல் இரண்டில் மரங்களும் புல்லும்தான். நகரத்து மோட்டார் சைக்கிள் இரைச்சல் அங்கேயே அடங்கிவிடும். அடுத்து 1805இல் எழுப்பிய குவே வான் மண்டபம். கீழே நான்கு செங்கல் தூண்கள், மேலே மரத்தளம், நான்கு பக்கமும் வட்டச் சன்னல்கள். சன்னலின் சட்டங்கள் நட்சத்திரக் கதிர்களைப் போல விரிகின்றன. அதைத் தாண்டினால் சதுரக் குளம். வட்டம் வானம், சதுரம் பூமி. நான்காவது முற்றத்தில் கன்பூசியஸ், அவர் வழிவந்த நால்வரோடு அமர்ந்திருக்கிறார். கடவுளாக அல்ல, ஆசிரியராக.

குளத்தின் இரு பக்கமும்தான் நம் ஆமைகள். மொத்தம் 82. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கல்வெட்டு. 1484இல் லே தான் தோங் என்ற அரசர் இதைத் தொடங்கிவைத்தார். 1442 முதல் 1779 வரை நடந்த அரசுத் தேர்வுகளில் உயர்பட்டம் பெற்ற 1300க்கும் மேற்பட்டவர்களின் பெயரும் ஊரும் இந்தக் கற்களில் இருக்கின்றன. பெயர் கல்லில் ஏறிவிட்டால் ஊருக்கே பெருமை. ஆனால் அதிகாரியான பிறகு தப்பு செய்தால் அதே கல் அவமானச் சின்னமாகவும் நிற்கும். அதற்காகவும்தான் வெட்டி வைத்தார்கள்.

இத்தனை பெயர்களில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. பெண்கள் தேர்வு எழுத அனுமதியே கிடையாது.

இன்னொரு விஷயமும் உண்டு. ஆமைத் தலையைத் தேடி வரும் மாணவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கல்லைப் படிக்கத் தெரியாது. கல்வெட்டுகள் சீன எழுத்தில் உள்ளன. இன்றைய வியட்நாமிய மொழி உரோமன் எழுத்தில். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பாதிரியார்கள் உருவாக்கிய எழுத்துமுறை அது. அதன் அகராதி ரோமில் 1651இல் அச்சானது. பிரெஞ்சு ஆட்சி அதைப் பரப்பியது. 1919இல் ஹுவே நகரத்தில் கடைசி அரசுத் தேர்வு நடந்ததோடு பழைய படிப்பும் முடிந்தது.

ஜாவியிலிருந்து ரூமிக்கு மாறிய மலாய் மொழியோடு வளர்ந்த நமக்கு இது புரியாத கதை இல்லை. தாத்தா எழுதியதைப் பேரன் படிக்க முடியாமல் போவது பெரிய இழப்புதான். ஆனால் அதோடு கதையை முடித்துவிட முடியாது. பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்த வியட்நாமியர்களும் அதே உரோமன் எழுத்தைத்தான் கையில் எடுத்தார்கள். 1945இல் விடுதலை அறிவித்ததும் ஊர் ஊராக எழுத்தறிவு வகுப்புகள் நடத்தினார்கள். கல்லில் இடம் கிடைக்காத பெண்கள் எழுதப் படிக்கக் கற்றது இந்த எழுத்தில். சிலர் மட்டுமே படித்த எழுத்து ஊமையானபோதுதான் எல்லோருக்கும் படிக்க வாய்த்தது.

1940களில் பிரெஞ்சுக்காரர்களுடன் நடந்த போரில் ஐந்தாவது முற்றம் அழிந்தது. 2000இல் மீண்டும் கட்டினார்கள். ஆமைகள் பிழைத்துக்கொண்டன.

வியட்நாமியப் புத்தாண்டில் கோயிலை ஒட்டி எழுத்துக் கலைஞர்கள் பாய் விரித்து உட்காருவார்கள். சிவப்புத் தாளில் 'மனம்', 'நற்பேறு' என்று பழைய எழுத்தில் ஒரு சொல் எழுதி வாங்க இளைஞர்கள் வரிசையில் நிற்பார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று எழுதியவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, வீட்டுச் சுவரில் மாட்டுவார்கள்.