சூது நீங்கிய சீட்டு

வகுப்பறைச் சீட்டாட்டத்தைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் சிங்கப்பூர்க் கணிதப் பாடத்தின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1980இல் தொடங்கிய பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகம், அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனரின் சிந்தனையைத் தழுவி, முதலில் பொருள், அடுத்து படம், கடைசியில் குறியீடு என்ற வரிசையில் கணிதத்தை அமைத்தது. ஏழாம் சீட்டை எடுத்துப் பாருங்கள். கையில் பிடிக்கும் பொருள் அது; நடுவில் ஏழு சின்னங்கள் படமாக இருக்கின்றன; மூலையில் 7 என்ற குறியீடு. மூன்று படிகளும் ஒரே அட்டையில்.

தமிழருக்கும் இதில் பழைய பங்கு உண்டு. யாழ்ப்பாணத்தில் பேர்போன முந்நூற்றிநாலு ஆட்டத்தில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டினால் 76, நான்கு சின்னங்களுக்கும் 304. ஒன்பது என்று எழுதியிருந்தும் அதன் மதிப்பு இருபது! எழுத்து வேறு, அது ஏற்கும் மதிப்பு வேறு என்ற இந்த அறிவுதான் இயற்கணிதத்தின் வாசல். x-ஐக் கண்டு மிரளும் பிள்ளைக்கு இதைவிட இயல்பான முன்பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

வள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் வைத்தாரே என்பார்கள். நியாயமான அச்சம், சீட்டால் அழிந்த குடும்பங்கள் உண்டு. ஆனால் அழித்தது பந்தயம். சூதில் நாடிழந்த நளனே, தான்றி மரத்தின் காய்களைப் பார்த்தவுடன் எண்ணிச் சொன்ன இருதுபன்னனிடம் தேரோட்டும் கலையைக் கொடுத்து அந்த எண் வித்தையைப் பெற்றான். வேகமான பிள்ளையே வெல்லும், மற்றவை சுருங்கிவிடும் என்பது இதைவிடக் கனமான மறுப்பு. கடிகாரத்தை வைத்து ஆடினால் அப்படித்தான் ஆகும். ஆசிரியர்கள் அதை அகற்றிவிட வேண்டும். நான்கு சீட்டுகளால் 24 ஆக்கும் ஆட்டத்தை, ஷாங்ஹாயில் பிறந்த ராபர்ட் சன் 1988இல் அமெரிக்காவில் தனி அட்டைகளாக வெளியிட்டார். அவ்வாட்டத்தில் 3, 3, 8, 8 வந்தால் வேகம் உதவாது. 8ஐ 3ஆல் வகுத்து, வந்த பின்னத்தை மற்ற 3இலிருந்து கழித்து, மிஞ்சும் மூன்றில் ஒரு பங்கால் மற்ற 8ஐ வகுத்தால் 24 வருகிறது.