கோபுரத்துக்குத் தெரியாது

ரிவர்ஸ்டன் ஏறினவர்களுக்கு அந்த மலையுச்சிக் கோபுரத்தைத் தெரியும். அது அலையை அனுப்பும், அவ்வளவுதான். கீழே எந்த வீட்டில் அதைப் பிடிக்கிறார்கள் என்று அதுக்குத் தெரியாது. இணையத்திலும் ஒரு காலம் ஏறத்தாழ இப்படி வாசிக்க முடிந்தது.

1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனம் ஆர்எஸ்எஸ் என்ற செய்தியோடையைக் கொண்டுவந்தது. சங்கதி சின்னது. தளம் தன் புதுத் தலைப்புகளை ஒரு கோப்பில் எழுதிவைக்கும். வாசகரின் மென்பொருள் அடிக்கடி போய் "புதுசா ஏதும் இருக்கா?" என்று கேட்கும். தளத்துக்கு நம்முடைய பெயரோ மின்னஞ்சலோ வேண்டாம். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி இந்த ஓடைகளை நம்பித்தான் நின்றது. ஈழம், தமிழ்நாடு, புலம்பெயர் நாடுகள் என்று எங்கே எழுதினாலும் ஒரே பக்கத்தில் வந்து விழும்.

அதே காலத்தில் வருகை எண்ணிகளும் பெருகின. பக்கத்தின் அடியில் ஒரு சின்னப் படம். அது வேறொரு கணினியிலிருந்து இறங்கும்போதே வந்தவரின் ஐபி முகவரி, நேரம், எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பதெல்லாம் அங்கே பதிவாகிவிடும். 2005 நவம்பரில் கூகுள் அனலிடிக்ஸ் இதையே இலவசமாகத் தந்தது. எழுதுகிறவருக்கு இனிக்காமல் இருக்குமா? நோர்வேயில் ஆரோ ஒருவர் நம்மை வாசிக்கிறார் என்றால் சந்தோசம்தானே.

ஆனால் இங்கே அது யுத்த காலம். 2007 ஜூனில் தமிழ்நெட் தளம் இலங்கையில் தடுக்கப்பட்டது. அப்படிப்பட்ட நாட்டில் ஒருவர் எதை வாசித்தார் என்ற குறிப்பு எங்கேயோ கிடப்பது சின்ன விசயமில்லை. கூகுள் ரீடரில் ஓடையை வாசித்தால் தளத்தின் வாசலுக்குப் போவது கூகுளின் கணினி. தளத்துக்குக் கிடைப்பது இத்தனை சந்தாதாரர் என்ற எண் மட்டும். (கூகுளுக்கு எல்லாம் தெரியும், அது வேறு கதை.)

எண்ணத் தொடங்கினால் எழுத்தும் மாறும் என்பது எங்கள் கணிப்பு. தமிழ்மணத்திலேயே 'சூடான இடுகைகள்' என்றொரு பகுதி இருந்தது. சொடுக்குகள் கூடினால் அதில் ஏறலாம். பிறகு தலைப்புகள் கத்தாமல் என்ன செய்யும்?

2013 ஜூலை 1இல் கூகுள் ரீடர் மூடப்பட்டது. கனபேர் ஃபேஸ்புக்குக்குப் போய்விட்டார்கள். அங்கே எது கண்ணில் படவேண்டும் என்பதை, நாம் எதில் எவ்வளவு நேரம் நின்றோம் என்று பார்த்து அதுவே முடிவெடுக்கிறது. ஓடை மட்டும் சாகவில்லை. பாட்காஸ்ட்கள் இன்றைக்கும் பெரும்பாலும் அதில்தான் வருகின்றன. வேர்ட்பிரஸ் தளம் என்றால், முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு ஆங்கிலத்தில் 'ஃபீட்' என்று தட்டிப் பாருங்கள், அனேகமாக ஓடை திறக்கும்.