வலைவரைபு வாசகன் கைக்கு வந்த வரலாறு

வலைவரைபின் வரலாற்றைக் கோனிக்ஸ்பேர்க் நகரத்தின் ஏழு பாலங்களோடு தொடங்குவது கணித நூலாசிரியர்களின் வழக்கம். நான்கு புள்ளிகளும் ஏழு கோடுகளுங் கொண்ட படமொன்றும் ஒயிலரின் பெயரால் அங்கு இடம்பெறும். ஆயின் 1736ஆம் ஆண்டுக்குரிய தமது கட்டுரையில் ஒயிலர் அப்படத்தை வரைந்தாரல்லர். நிலப்பகுதிகளுக்கும் பாலங்களுக்கும் எழுத்துக்களை இட்டு, அவ்வெழுத்துத் தொடர்களைக் கொண்டே அவர் முடிவு கண்டார். நாம் அறிந்த படம் 1892இல் றவுஸ் போல் என்னும் ஆங்கிலேயரின் கணிதப் பொழுதுபோக்கு நூலிலேயே காணப்படுகின்றது.

இது வெறும் நூலறிவுச் செய்தியன்று. எது எதனோடு இணைந்துள்ளது என்பதே கணிதத்துக்கு வேண்டியது. புள்ளி எங்கே இருக்கின்றது என்பது அதற்குப் பொருட்டன்று. படம் வரையப் புகுந்தவரோ ஒவ்வொரு புள்ளிக்கும் ஓரிடத்தைத் தாமே தெரிந்தாக வேண்டும். பார்ப்பவர் அத்தெரிவை உண்மையென்றே கொள்வர்.

சமூகவியலில் இவ்விடர்ப்பாடு கூர்மையாக வெளிப்பட்டது. 1930களில் யாக்கோப் மொறேனோ, நியூயோர்க் மாநிலத்து ஹட்சன் நகரிலிருந்த பெண்கள் பயிற்சிப் பாடசாலையில், யார் யாருடன் வாழ விரும்புகின்றனர் என வினவி, விடைகளைப் புள்ளிகளாகவுங் கோடுகளாகவுங் கையால் வரைந்தார். எவராலும் விரும்பப்படாத சிறுமி யாரென்பதை இத்தகைய படம் காட்டும். அவளை ஓரத்தில் ஒதுக்குவதா, நடுவில் வைப்பதா என்பதோ வரைபவரின் விருப்பம்.

இவ்விருப்பத்தை விதியொன்றுக்கு உட்படுத்த முயன்றோருள் வில்லியம் ரட் முதன்மையானவர். புறத்தேயுள்ள புள்ளிகளை நிலையாக நிறுத்தி, உள்ளேயுள்ள ஒவ்வொன்றையும் அதன் அயற்புள்ளிகளின் சராசரி நிலையில் வைக்கும் முறையை அவர் 1963இல் வெளியிட்டார். 1984இல் பீற்றர் ஈட்ஸ் கூறிய உவமை இன்னும் எளியது: புள்ளிகளை உருக்கு வளையங்களாகவும் கோடுகளை விற்சுருள்களாகவுங் கொண்டு, அமைப்பைக் கைவிட்டுவிட்டால் அது தானே ஓர் ஒழுங்கில் அமரும். இணையாத வளையங்கள் ஒன்றையொன்று தள்ளும். கணினி இவ்விசைகளைப் படிப்படியாகக் கணிக்கும். எனினும் விசையின் அளவைத் தீர்மானிப்பவர் மனிதரே. தொடக்க நிலையை மாற்றினால் முடிவும் மாறக்கூடும். இயந்திரம் வரைந்ததாதலின் நடுநிலையானது என்று எண்ணுவது பொருந்தாது.

2011இல் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொஸ்ரொக், ஒகியெவெற்ஸ்கி, ஹீர் ஆகிய மூவரும் டி3 என்னும் திறந்த மூல நிரல்தொகுதியை அறிமுகப்படுத்தியமை இவ்வகையிலேயே முக்கியத்துவம் பெறுகின்றது. தனி மென்பொருளின்றி, இணைய உலாவியிலேயே வலைவரைபு இயங்கலாயிற்று. புள்ளியைப் பற்றியிழுக்கும் உரிமை வாசகனுக்குக் கிடைத்தது. அதன் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, சுத்தானந்த பாரதியார் 'ஏழைபடும் பாடு' எனத் தமிழாக்கிய விக்ரர் ஹியூகோவின் நாவலிலிருந்து டொனால்ட் நூத் தொகுத்த தரவாகும்: 77 மாந்தர், அவர்கள் ஒருங்கே தோன்றுவதைக் குறிக்கும் 254 கோடுகள். நாயகன் வால்ஜீனுக்குரிய வட்டத்தை வாசகன் மூலைக்கு இழுத்தால் வலை முழுவதும் உலைந்து அசையும். அவனது 36 கோடுகளுள் ஒன்றேனும் அறுவதில்லை. விற்சுருள்களின் வலிமை எவ்வளவென ஐயுறுபவன் நிரலைத் திறந்து அவ்வெண்ணைக் காணலாம், மாற்றியும் பார்க்கலாம். ஹட்சன் சிறுமியரின் படத்தைக் கண்டோருக்கு அவ்வாய்ப்பு இருக்கவில்லை.