ஒரிஜினலா, ஒட்டு வேலையா?

இந்த எபிசோடை ஒரு கிலோ கடலை மிட்டாயில இருந்து ஆரம்பிக்கிறேன். கோவில்பட்டிக்காரங்களுக்கு வேற எதுலயும் பந்தயம் கட்டத் தெரியாது. புவிசார் குறியீடு 2020-லதான் வந்துச்சு, பந்தயம் அதுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு.

2024 செப்டம்பர். எங்க ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல 'கூலி' படத்தோட சண்டைக் காட்சின்னு ஒரு கிளிப் வந்து விழுந்தது. நாகார்ஜுனா இருக்கார். யாரோ செல்போன்ல தூரத்துல இருந்து எடுத்த மாதிரி ஆடுது. உடனே குரூப் ரெண்டா பிரிஞ்சிருச்சு. ஒருத்தன் ஒவ்வொரு பிரேமா ஸ்கிரீன்ஷாட் எடுத்து விரல் எண்ணுறான். இன்னொருத்தன் "அவர் முடி இந்தப் பக்கம்லாலே வகிடு எடுத்திருப்பார்"ங்கிறான். நான் தீர்ப்பே சொல்லிட்டேன். ஏஐ. சந்தேகமே இல்ல. ஒரு கிலோ பந்தயம்.

அப்புறம் டைரக்டர் லோகேஷ் கனகராஜே எக்ஸ் தளத்துல எழுதினார். பல பேரோட ரெண்டு மாச உழைப்பு ஒரே ஒரு ரெக்கார்டிங்கால வீணாப்போச்சு, தயவுசெஞ்சு இந்த மாதிரிச் செயல்கள்ல ஈடுபடாதீங்கன்னு. நான் தோத்துட்டேன்.

இங்க ஒண்ணைக் கவனிங்க. எது உண்மைன்னு எங்களுக்குத் தெரிஞ்சது விரல் எண்ணி இல்ல, முடி வகிட்டை வச்சும் இல்ல. "இப்படிப் பண்ணாதீங்க"ன்னு அவர் கேட்டதுதான் சான்றிதழ் ஆயிருச்சு. 2021 ஜனவரியில 'மாஸ்டர்' ரிலீசுக்கு ரெண்டு நாள் முன்னாடி காட்சிகள் வெளியானப்பவும் இதேதான் நடந்துச்சு. அன்னைக்கும் ஷேர் பண்ணாதீங்கன்னு வேண்டுகோள் வந்துச்சு, அதைப் பார்த்த பிறகுதான் "அப்ப ஒரிஜினல்தான்"னு தேட ஆரம்பிச்சவங்க எத்தனை பேர்! அதனால ரசிகர்கள் இப்ப வேற ஒரு சோதனை வச்சிருக்காங்க. போஸ்டு காப்பிரைட் புகார்ல தூக்கப்பட்டா உண்மை, ஒரு வாரம் கழிச்சும் அப்படியே கிடந்தா யாரோ உட்கார்ந்து பண்ணது. படத்தோட மூலையில டைம்கோடு ஓடினா எடிட்டிங் ரூம்ல இருந்து வந்ததுன்னு நம்பினாங்க. இப்ப போலி பண்றவங்களே டைம்கோடும் போட்டுத் தர்றாங்க.

சரி, இந்தச் சண்டை எப்ப ஆரம்பிச்சது? ஏஐ வந்த பிறகுன்னு நினைச்சா தப்பு. எங்க ஊரைப் பத்திக் கொஞ்சம் சொன்னாத்தான் புரியும்.

கோவில்பட்டின்னா தீப்பெட்டி ஆபீஸ், கரிசல் மண்ணு, பக்கத்துல இடைசெவல், கி.ரா. இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனா உங்க தாத்தா வீட்டுச் சுவத்துல தொங்கின காலண்டர் சாமிக்கும் எங்க ஊருக்கும் உள்ள உறவு அவ்வளவா பேசப்படுறதில்ல. சி. கொண்டைய ராஜுன்னு ஒரு ஓவியர். 1898-ல பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில படிச்சு, கொஞ்ச காலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்துல இருந்து, அப்புறம் நாடகக் கம்பெனிக்குச் சீன் வரையுற ஆளா ஊர் ஊரா சுத்தினவர். கடைசியில கோவில்பட்டியில தங்கிட்டார். அவரும் அவரோட சீடர்களும் வரைஞ்ச மீனாட்சி கல்யாணம், முருகன், லட்சுமி எல்லாம் சிவகாசி அச்சகங்கள்ல காலண்டரா அடிச்சு நாடு முழுக்கப் போச்சு. 1976-ல இறந்தார்.

நாடக சீன் வரையுறவங்களுக்கு ஒரு வித்தை கைவந்திருக்கும். தட்டைத் துணியில ஆழம் காட்டுறது. அரண்மனைத் தூணு, படிக்கட்டு, தூரத்துல ஒரு குளம். அந்தக் காலத்து போட்டோ ஸ்டுடியோக்கள்ல நீங்க பார்க்கிற பின்னணித் திரை இதே வித்தைதான். நெகட்டிவ்ல பென்சில் வச்சு முகத்துச் சுருக்கத்தை எடுக்கிறது, கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால வர்ணம் ஏத்துறது, செத்துப்போன அப்பாவைப் பழைய படத்துல இருந்து வெட்டி அம்மா பக்கத்துல ஒட்டி, அதை மறுபடி போட்டோ எடுத்து ஒரே படமாக்குறது. இதுக்கு ஊர்ல பேரு 'ஒட்டு வேலை'. எங்க பெரியப்பா இருபது வருஷம் ஒரு ஸ்டுடியோவுல இந்த வேலை பார்த்தார். 'டச்சிங் அண்ணாச்சி'ன்னா அவர்தான்.

இப்படிப்பட்ட ஊர்ல சினிமாப் படத்தைப் பார்த்து "நிஜமா?"ன்னு கேட்கிறது இயல்பு. படம் வர்றதுக்கு முன்னாடி ரசிகனுக்குக் கிடைச்சது என்ன? தியேட்டர் கண்ணாடிப் பலகையில ஒட்டுன ஸ்டில்கள். வாசல்ல விக்கிற பாட்டுப் புத்தகம். அதுல பாதிக் கதையைச் சொல்லிட்டு மீதியை வெள்ளித்திரையில காண்கன்னு முடிச்சிருவாங்க. இந்த ஸ்டில் எல்லாம் கம்பெனியே கொடுத்தது, நூறு சதம் உண்மை. ஆனா ஸ்டில் போட்டோகிராபர் தனியா நிக்க வச்சு எடுத்த படம் அது. கண்ணாடிக்குள்ள பார்த்த காட்சி திரையில வராமலே போறதும் உண்டு. "படத்தை வெட்டிட்டான்"னு ஆபரேட்டரோட சண்டைக்குப் போன கதை ஊருக்கு ஊர் இருக்கு. படம் அசல், ஆனா படத்துல இல்ல. இதை என்னன்னு சொல்றது?

விளையாட்டா இருந்த இந்தக் கேள்வி உசுருப் பிரச்சினையா மாறினது 1967-ல. ஜனவரி 12-ஆம் தேதி எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார். மறுநாள் 'தாய்க்குத் தலைமகன்' ரிலீஸ். திரையில அவர் நல்லா இருக்கார், ஆஸ்பத்திரியில எப்படி இருக்கார்னு யாருக்கும் தெரியாது. அப்பத்தான் கழுத்துல கட்டோட உட்கார்ந்திருக்கிற அந்த கறுப்பு வெள்ளைப் படம் வந்துச்சு. அடுத்த மாசம் தேர்தல். போஸ்டர் போஸ்டரா தமிழ்நாடு முழுக்க ஒட்டினாங்க. அவர் பிரச்சாரத்துக்கே போகாம பரங்கிமலையில ஜெயிச்சார். அதே வருஷம் செப்டம்பர்ல 'காவல்காரன்' வந்தப்ப ஜனங்க கண்ணை விட்டுட்டுக் காதைத் தீட்டிக்கிட்டாங்க. குண்டடிபட்ட தொண்டையில இருந்து வர்ற குரல் அவரோடதுதானா? வேற ஆளை வச்சு டப்பிங் பண்ண அவர் ஒத்துக்கல. குரல் உடைஞ்சிருந்துச்சு. அதுதான் நம்பிக்கை கொடுத்துச்சு.

இதை விடப் பெருசு 1984. அக்டோபர் 5-ஆம் தேதி முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சென்னை அப்போலோவுல சேர்க்கப்படுறார். அதே மாசக் கடைசியில இந்திரா காந்தி கொல்லப்படுறார். நவம்பர் 5-ஆம் தேதி எம்.ஜி.ஆரை அமெரிக்கா கொண்டு போறாங்க, நியூயார்க் புரூக்ளின்ல சிகிச்சை. டிசம்பர் 24-ஆம் தேதி தேர்தல், அவர் ஆண்டிபட்டி வேட்பாளர். டீக்கடைக்கு டீக்கடை ஒரே கேள்விதான். மனுஷன் உயிரோடதான் இருக்காரா?

பதிலா ஆஸ்பத்திரியில எடுத்த வீடியோ வந்துச்சு. வீடியோ கேசட்டே புதுசா இருந்த காலம். வேன்ல டிவியும் டெக்கும் வச்சுத் தெருத் தெருவா போட்டுக் காட்டினாங்க.

எங்க குடும்பத்துல இந்தக் கதையை நான் நூறு தடவை கேட்டிருக்கேன். எங்க ஆச்சி தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்குறவ. வேலை விட்டு வந்து கையைக்கூடக் கழுவாம தெருவுல உட்கார்ந்து பார்த்திருக்கா. பக்கத்துல பெரியப்பா, அப்ப அவருக்கு முப்பது வயசு இருக்கும். பார்த்து முடிச்சதும் அவர் தொழில்காரனா பேசியிருக்கார். "எம்மா, இது பழைய படமா இருக்கும். நான் செத்தவரையே சிரிக்க வச்சு ஒட்டியிருக்கேன். இவங்களுக்கு இது எம்புட்டு வேலை?"

ஆச்சி சொன்னாளாம்: "ஏலே, ஏமாத்தணும்னு நினைக்கிறவன் ராசா மாதிரில்ல காட்டுவான். இப்படி வாடிப்போன முகத்தையா காட்டுவான்?"

தெருவே சிரிச்சிருக்கு. பெரியப்பா ரெண்டு நாள் வீட்ல சாப்பிடல. சிரிச்சதுக்காக இல்லன்னு பின்னாடி என்கிட்ட சொன்னார். "நம்ம கை என்ன செய்யும்னு எனக்குத் தெரியும் தம்பி. அதனாலயே எந்தப் படத்தையும் நம்ப முடியாமப் போச்சு. அவளுக்கு அந்தச் சீக்கு இல்ல."

எம்.ஜி.ஆர். ஆண்டிபட்டியில ஜெயிச்சார். 1985 பிப்ரவரி 4-ஆம் தேதி ஊர் திரும்பினார். ஆச்சி சரியாத்தான் சொல்லியிருக்கா. ஆனா அவ சொன்ன காரணம் எப்பவும் சரியா வருமான்னா, எனக்கு நம்பிக்கை இல்ல. அந்த ரகசியம் தெரிஞ்ச போலிக்காரன் வாடின முகத்தையே வரைஞ்சு தருவான். இன்னைக்கு வர்ற போலி 'லீக்' எல்லாம் வேணும்னே மங்கலாவும் ஆட்டத்தோடவும் வர்றது அதனாலதானே? நான் 'கூலி' கிளிப்ல கோட்டை விட்டதும் அங்கதான். அதோட மங்கல் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்புச்சு. ஆச்சியா இருந்தா அந்த மங்கலுக்காகவே நம்பியிருப்பா.

2016 நேர் எதிர். ஜெயலலிதா 75 நாள் அப்போலோவுல இருந்தார், ஒரு படம்கூட வெளிய வரல. படம் இல்லாத இடத்துல வதந்தி குடியேறிருச்சு. ஒரு வருஷம் கழிச்சு, 2017 டிசம்பர் 20-ஆம் தேதி, ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்கு முதல் நாள், பி. வெற்றிவேல் ஒரு சின்ன வீடியோவை வெளியிட்டார். படுக்கையில ஜூஸ் குடிக்கிற காட்சி. அப்ப நான் சென்னையில வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஆபீஸ்ல எல்லாரும் ஜூம் பண்ணிக்கிட்டு இருந்தோம். ஒரு மனுஷியோட கடைசி நாட்களை நாங்க சினிமா ஸ்டில் மாதிரி அலசிக்கிட்டு இருந்தோம்னு அப்ப உறைக்கவே இல்ல.

பந்தயத்துக்குத் திரும்பி வர்றேன். 'கூலி' சண்டை நடந்த அன்னைக்கு எங்க குரூப்ல ஒருத்தன் மட்டும் வாயே திறக்கல. அவன் கிராபிக்ஸ் கம்பெனியில வேலை பார்க்கிறவன், அந்தப் படத்துல இல்ல. மிட்டாய் கொடுக்கப் போனப்ப கேட்டேன், ஏன்டா பேசலன்னு. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி வேற ஒரு படத்துல அவங்க ஆபீஸ்ல இருந்து ரெண்டு ஸ்டில் வெளிய போயிருக்கு. எல்லார் போனையும் வாங்கி வச்சுக்கிட்டு, ஒவ்வொருத்தரா ரூமுக்குள்ள கூப்பிட்டிருக்காங்க. "குரூப்ல நீங்க ஒரிஜினலா டூப்ளிகேட்டான்னு அடிச்சுக்கிட்டிருந்தீங்க. அது பொய்னு யாராவது நம்பிருங்கடான்னு நான் வேண்டிக்கிட்டிருந்தேன்." அவன் பேர் வெளிய வரல, தப்பும் அவன்மேல இல்ல. ஆனா 2016 நவம்பர்ல 'பாகுபலி 2' போர்க்காட்சி ஒன்பது நிமிஷம் வெளிய போனப்ப விஜயவாடாவுல ஒரு கிராபிக்ஸ் டிசைனர் கைதானது அவனுக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அந்த ஞாபகத்தோடதான் அந்த நாலு நாளை ஓட்டியிருக்கான். அன்னைக்கு எங்க குரூப்ல அது போலின்னு சாதிச்சவன் நான்தான். சரியா எதையும் பார்த்துச் சொல்லல, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவன் அதுக்கு நன்றி சொன்னான். கஷ்டமா இருந்துச்சு.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப பெரியப்பாவைப் பார்த்தேன். ஸ்டுடியோ எப்பவோ மூடியாச்சு, கண்ணும் சரியில்ல. ஒரு சோதனை வைப்போம்னு நாலு படத்தை போன்ல காட்டினேன். ஏஐ பண்ணது ரெண்டு, லீக் ஆனது ஒண்ணு, கம்பெனியே வெளியிட்ட போஸ்டர் ஒண்ணு. மூக்குக்குப் பக்கத்துல வச்சுப் பார்த்தார். லீக்கைச் சரியாச் சொன்னார். ஏஐ ரெண்டையும் சரியாச் சொன்னார், கழுத்துல நிழல் விழுற பக்கம் தப்புன்னு. போஸ்டரைப் பார்த்ததும் யோசிக்கவே இல்ல.

"இது ஒட்டு."

"இல்ல பெரியப்பா, இது அசல். கம்பெனிக்காரங்களே விட்டது."

கண்ணாடியைக் கழட்டித் துண்டுல துடைச்சார்.

"கம்பெனிக்காரன் ஒட்டுனா ஒட்டு இல்லையாக்கும்?"