சங்கர்லாலும் ஒரு கோப்பைத் தேநீரும்

இன்று ராஜேஷ்குமாரைத் தெரியாத தமிழ் வாசகர்கள் குறைவு. சுஜாதாவின் கணேஷ் - வசந்த் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் இவர்களுக்கு முன்பே பள்ளிக்கூடப் பையன் முதல் ரிட்டயரான தாத்தா வரை எல்லோரையும் வாரா வாரம் காத்திருக்க வைத்த ஒரு துப்பறிவாளர் இருந்தார். பெயர் சங்கர்லால். அவரைப் படைத்தவர் தமிழ்வாணன்.

தமிழில் மர்ம நாவல் அவரோடு தொடங்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர்.ரங்கராஜு என்று மூன்று பேர் சக்கைப்போடு போட்டார்கள். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்', வடுவூராரின் 'மேனகா' எல்லாம் 1930களில் சினிமாவாகவும் வந்தன. ஆனால் அந்த நாவல்கள் பெரியவர்களுக்கானவை. சிறுவர்கள் ஒளித்து வைத்துத்தான் படிக்க வேண்டும்! 1940களில் தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு' சிரிப்புக்காக வந்தது. வீட்டில் எல்லோரும் ஒன்றாகப் படிக்கக்கூடிய விறுவிறுப்பான மர்மக்கதை என்ற இடம் காலியாகவே இருந்தது.

அந்த இடத்தைப் பிடித்தவர்தான் தேவகோட்டையில் 1926-ல் பிறந்த இராமநாதன். 'தமிழ்வாணன்' என்ற பெயரை அவருக்குச் சூட்டியவர் திரு.வி.க. சிறுவர் இதழான 'அணில்' மூலம் இளம் வாசகர்களின் நாடி அவருக்குப் பிடிபட்டது. 1948-ல் 'கல்கண்டு' பிறந்தது. பிறகு அது குமுதம் குழுமத்தின் பத்திரிகையாக வளர்ந்தது.

கல்கண்டின் அமைப்பே வித்தியாசமானது. பக்கத்துக்குப் பக்கம் துணுக்குச் செய்திகள், கேள்வி - பதில், நடுவில் ஒரு தொடர்கதை. உலகத்தில் எங்கே எது நடந்தாலும் நாலு வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். பொது அறிவுக்காகப் படிக்கிறேன் என்று சொல்லி வீட்டில் அனுமதி வாங்கலாம். சங்கர்லால் கதையையும் சேர்த்துப் படித்துக்கொள்ளலாம். வியாபாரக் கண்ணோடு பார்த்தால் இது அபாரமான யோசனை! வாங்குபவர் அப்பா, படிப்பவர் பிள்ளை. இரண்டு பேரையும் ஒரே பத்திரிகை திருப்திப்படுத்தியது.

சரி, சங்கர்லால் எப்படிப்பட்டவர்? பெயர் வடநாட்டுப் பெயர். பேச்சோ சுத்தமான தமிழ். மனைவி இந்திரா. உடம்பில் அடி பட்டாலும் நிதானம் தவற மாட்டார். முக்கியமாக, அவருக்குத் தேநீர் வேண்டும். சிக்கல் முற்றும்போதெல்லாம் தேநீர் வரும். சர்க்கரைக் கட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியபடி யோசிப்பார். கோப்பை காலியாகும்போது ஏதாவது ஒரு வழி பிறந்திருக்கும்.

இது சாதாரண விஷயமில்லை. அன்றைய தமிழ் நடுத்தர வர்க்கத்து வீடுகளில் கௌரவமான பானம் காப்பிதான். டீ என்றால் உழைப்பாளிகள் கடையில் நின்று குடிப்பது என்ற எண்ணம் பரவலாக இருந்தது. நீலகிரியில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தேயிலைத் தோட்டங்கள் வந்துவிட்டன. குன்னூரும் கோத்தகிரியும் தேயிலையால் வாழ்ந்தன. ஆனாலும் மலைக்குக் கீழே இருந்த நடுத்தர வீடுகளின் சமையலறைக்குள் டீ அவ்வளவு சுலபமாக நுழையவில்லை. அப்படிப்பட்ட காலத்தில் கோட்டு சூட்டு போட்ட ஒரு கதாநாயகன் கோப்பை கோப்பையாகத் தேநீர் குடித்தான் என்றால், படித்த பையன்களுக்கு எப்படி இருந்திருக்கும்! 'டீ' என்று எழுதாமல் 'தேநீர்' என்றே எழுதியதும் கவனிக்க வேண்டியது. ஆங்கிலம் கலக்காத எளிய தமிழிலும் வேகமான கதை சொல்லலாம் என்று அவர் காட்டினார்.

வெளிநாட்டுப் பயணம் பெரும்பாலோருக்குக் கனவாக இருந்த நாட்களில் 'பெர்லினில் சங்கர்லால்', 'நியூயார்க்கில் சங்கர்லால்', 'டோக்கியோ ரோஜா' என்று வாசகர்களை ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போனார். நம்ப முடியாத சாகசங்கள்தான். அதைத்தானே அந்த வயது கேட்கிறது?

தமிழ்வாணன் கதையோடு நிற்கவில்லை. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அவருடைய முத்திரை. அந்த இரண்டை மட்டும் உறையில் வரைந்து அனுப்பிய கடிதமே அவருக்குப் போய்ச் சேர்ந்தது என்று சொல்வார்கள். 'துணிவே துணை' என்ற வாசகம் அவரோடு ஒட்டிக்கொண்டது. மணிமேகலைப் பிரசுரத்தைத் தொடங்கி, உடல்நலம், சுயமுன்னேற்றம் என்று பல துறைகளிலும் புத்தகங்கள் கொண்டு வந்தார்.

துணிச்சல் சில சமயம் வம்பிலும் முடிந்தது. ம.பொ.சி. போன்றவர்கள் வீரபாண்டிய கட்டபொம்மனைச் சுதந்திர வீரனாகக் கொண்டாடியபோது, 'கட்டபொம்மன் கொள்ளைக்காரன்' என்று ஒரு புத்தகமே எழுதினார். எதிர்ப்பு பலமாக எழுந்தது. அவருடைய முடிவை ஏற்காதவர்கள் இன்றும் உண்டு.

1977-ல் தமிழ்வாணன் காலமானார். அவருக்குப் பின் மகன் லேனா தமிழ்வாணன் கல்கண்டின் ஆசிரியரானார். மர்மக்கதையும் நிற்கவில்லை. சுஜாதா அதில் அறிவியலையும் நவீன நடையையும் கொண்டு வந்தார். கோவையிலிருந்து ராஜேஷ்குமார் நூற்றுக்கணக்கில் எழுதிக் குவித்தார். ஊட்டி பங்களாவும் பனிமூட்டமும் பாக்கெட் நாவல்களுக்குப் பழகிப்போன களங்கள் ஆயின. அமானுஷ்யக் கதைகளை இந்திரா சௌந்தர்ராஜன் தனி ராஜ்யமாகவே ஆக்கிக்கொண்டார். அவருடைய 'மர்மதேசம்' 1990களில் தொலைக்காட்சியிலும் மிரட்டியது. 2024-ல் அவரும் மறைந்தார்.

இலக்கிய வரலாற்றுப் புத்தகங்களில் தமிழ்வாணனுக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறியது. அவை இலக்கியமா என்று கேட்டால், இல்லை என்று சொல்பவர்களே அதிகம். அதில் நியாயமும் உண்டு. பாத்திரங்களில் ஆழம் கிடையாது, முடிவு எப்போதும் சங்கர்லால் பக்கம்தான். ஆனால் பாடப்புத்தகத்துக்கு வெளியே முதல் புத்தகத்தை ஒரு பையன் கையில் எடுக்க ஏதாவது ஒரு காரணம் வேண்டுமே! வாடகை நூலகத்தில் சங்கர்லாலைத் தேடிப் போனவர்களில் பலர் பிறகு ஜெயகாந்தனுக்கும் ஜானகிராமனுக்கும் போனார்கள். ஒரு தலைமுறையையே வாசிக்கப் பழக்கிய மனிதருக்கு வரலாற்றில் இரண்டு பக்கமாவது ஒதுக்க வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.