தொண்டின் பெயரால்

தொண்டு என்பது தமிழில் பெருமை மிக்க சொற்களுள் ஒன்று. அச்சொல்லைக் கேட்ட அளவிலேயே நம் உள்ளம் கனிந்துவிடுகிறது. ஆராய்ந்து பார்க்கும் அறிவோ சற்றே அயர்ந்துவிடுகிறது. ஆனால், தொண்டு என்ற பெயராலேயே தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்த காலமும் உலக வரலாற்றில் உண்டு. அது கடல் கடந்த கனடாவிலும் நடந்தது. நம் நாட்டிலும் நடந்தது. முன்னதைப் பற்றி உலகம் பேசுகிறது. பின்னதைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. அயல் மாநிலத்தில் வாழ்ந்துகொண்டு சங்கங்கள் அமைத்துப் பொதுப்பணி செய்துவரும் தமிழராகிய நாம் இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குவது நலம்.

முதலில் கனடாவின் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து அந்நாட்டு அரசாங்கமும் கிறித்தவத் திருச்சபைகளும் கூடிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கென உறைவிடப் பள்ளிகளை நடத்தின. சுமார் 1,50,000 பிள்ளைகள் இப்பள்ளிகளில் வைக்கப்பட்டனர். பெற்றோர் அருகில் இல்லை; தாய்மொழி பேசினால் தண்டனை; நோயாலும் கவனிப்பின்மையாலும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீடு திரும்பாமலே மாண்டனர். 1990-களில்தான் கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டன. 2008 ஜூன் 11 அன்று கனடாவின் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் தன் விசாரணையை நிறைவு செய்து, 94 செயல்களை நாட்டின் முன் வைத்தது.

1973-இல் ஆறு வயதுச் சிறுமியாக அத்தகைய பள்ளியொன்றில் சேர்க்கப்பட்டவர் பிலிஸ் வெப்ஸ்டாட். பாட்டி வாங்கித் தந்த புதிய ஆரஞ்சு நிறச் சட்டையைப் பள்ளியார் முதல் நாளிலேயே கழற்றி எடுத்துக்கொண்டனர். நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2013-இல், அவர் அதைச் சபையில் எடுத்துரைத்தார். அன்று முதல் செப்டம்பர் 30 ஆரஞ்சுச் சட்டை நாளாயிற்று. 2021 முதல் அது நாடு தழுவிய நினைவு நாளாகவும் விளங்குகிறது. ரோட்டரி முதலிய சேவைச் சங்கத்தாரும் அந்நாளில் அச்சட்டை அணிந்து, முதியோர் கூறும் கதைகளைக் கேட்டு, பழங்குடி மக்களின் வரலாற்றைத் தம் உறுப்பினர்க்கு எடுத்துச் சொல்லும் பணியில் இறங்கியிருக்கின்றனர். கொடுப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த சங்கங்கள், கேட்பதும் தொண்டே என்று கற்றுக்கொண்டதன் அடையாளம் இது.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

1871-இல் ஆங்கில ஆட்சி வட இந்தியாவில் ஒரு சட்டம் இயற்றிற்று. குறிப்பிட்ட சில குலத்தார் பிறவியிலேயே குற்றவாளிகள் என அறிவிக்கப்படலாம் என்பதே அதன் சாரம். 1911-இல் அது திருத்தி எழுதப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அச்சட்டத்தின் தமிழ்ப் பெயர் ஓர் உண்மையை உணர்த்துகிறது. ஆங்கிலத்தில் அது குற்றக் குலங்களைப் பற்றிய சட்டம் என்ற அளவிலே நிற்கிறது. தமிழர் அதனைக் குற்றப் பரம்பரைச் சட்டம் என்றனர். பரம்பரை என்ற ஒரே சொல்லில் அச்சட்டத்தின் உட்கருத்து முழுதும் வெளிப்பட்டுவிட்டது. தந்தை குற்றவாளி எனின் மகனும் குற்றவாளி. தொட்டிலில் கிடக்கும் சிசுவும் வருங்காலக் குற்றவாளி.

அவ்வாறாயின் பிள்ளையை என் செய்வது? அதற்கும் விடை வைத்திருந்தனர். 1897-ஆம் ஆண்டுத் திருத்தம், நான்கு வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கெனத் தனிச் சீர்திருத்தக் குடியிருப்புகள் அமைக்க வழி செய்தது. 1911-ஆம் ஆண்டுச் சட்டமோ, இக்குலத்தாரின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளிகளிலும் வேளாண்மைப் பள்ளிகளிலும் சீர்திருத்தப் பள்ளிகளிலும் வைக்க மாகாண அரசாங்கத்துக்கு அதிகாரம் அளித்தது. அப்பிள்ளை ஏதேனும் குற்றம் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. அக்குலத்தில் பிறந்திருந்தால் போதும். கனடாவின் சட்டங்களுக்கு இது எவ்வகையிலும் இளைத்ததன்று.

யார் அந்தக் குற்றப் பரம்பரையினர்? சான்றுக்குக் குறவரை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் குறவர், கன்னட நாட்டில் கொரமர் அல்லது கொரச்சர், ஆந்திரத்தில் எருகுலர் என்று வழங்கப்படுவோர் இவர்கள். பொதி மாடுகளின் மேல் உப்பும் தானியமும் ஏற்றிக் கடற்கரையிலிருந்து உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டு சென்று விற்றது இவர்களுள் பலரின் தொழில். காட்டு மூங்கில் வெட்டிக் கூடை முடைவது மற்றொரு தொழில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரயில் பாதைகள் வந்தன, உப்பு இரயிலேறிற்று. உப்பு வரியும் உயர்ந்தது. 1876 முதல் 1878 வரை தென்னகத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் மாடுகள் மடிந்தன. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை அடைத்தது. மூங்கிலும் கைக்கெட்டாமற் போயிற்று. பிழைப்பை இழந்து அலைந்த மக்களை நோக்கி, 'இவர்கள் ஏன் அலைகிறார்கள்?' என்று ஐயுற்றது அரசாங்கம். அலைவதற்குத் தானே காரணமாயிருந்தும், அலைந்ததையே குற்றமாக்கிற்று.

குற்றவாளிகளென எழுதப்பட்டோரைத் திருத்தும் பொறுப்பைப் பலவிடத்தும் தொண்டு நிறுவனங்களே ஏற்றன. இரட்சணிய சேனை அவற்றுள் முதன்மையானது. இந்தியாவில் அச்சேனையை நிறுவிய பூத் டக்கர் 1908-இல் கோரக்பூரில் இப்பணியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் சென்னை மாகாணத்திலும் குடியிருப்புகள் எழுந்தன. இன்றைய ஆந்திரத்தின் ஸ்டூவர்ட்புரம் எருகுலருக்காக அமைந்தது. தென்னார்க்காட்டில் அஜீஸ்நகர் அமைந்தது. நெல்லூர்ச் சீமையில் காவலியில் அமெரிக்கப் பாப்டிஸ்ட் சங்கத்தார் ஒரு குடியிருப்பை நடத்தினர். அன்று பம்பாய் மாகாணத்தில் இருந்து இன்று கர்நாடகத்தைச் சேர்ந்த ஹூப்ளியிலும் அவ்வாறே ஒன்று ஏற்பட்டது. அவ்வூரில் செட்டில்மெண்ட் என்ற இடப்பெயர் இன்றும் வழங்குகிறது.

இக்குடியிருப்புகளில் ஆஜர்ப் பட்டியல் உண்டு. அனுமதிச் சீட்டின்றி எல்லையைக் கடத்தல் ஆகாது. ஸ்டூவர்ட்புரத்தாரின் உழைப்பு சீராலையிலிருந்த புகையிலைக் கம்பெனிக்குப் பயன்பட்டது. பெரியவர்கள் திருந்துவது அரிது, பிள்ளைகளைப் பெற்றோரின் நிழல் படாமல் வளர்த்தால் அடுத்த தலைமுறை திருந்தும் என்பது நடத்தியோரின் நம்பிக்கை. ஆதலால் பிள்ளைகளை விடுதிகளில் தனியே வைத்தனர். இவர்களுள் நோயாளிக்கு மருந்திட்டவரும் எழுத்தறிவித்தவரும் உண்டு. அதனை மறுப்பது நன்றி கோறலாகும். ஆயினும், தாய் தன் மகனை வளர்க்கத் தகுதியற்றவள் என்ற முடிவு எவ்வித விசாரணையுமின்றி எடுக்கப்பட்டது. முடிவெடுத்தவர்கள் தம்மைத் தொண்டர் என்றே கருதினர். நாம் கற்க வேண்டிய பாடம் இவ்விடத்திலேதான் இருக்கிறது.

மதுரைச் சீமையின் வரலாறு மற்றொரு வகையில் சென்றது. பிரமலைக் கள்ளர் மீது இச்சட்டம் விதிக்கப்பட்டபோது, கைரேகை வைக்க மறுத்தனர் பெருங்காமநல்லூர் மக்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீசார் சுட்டனர். மாயக்காள் என்னும் பெண் உள்ளிட்டுப் பதினாறு பேருக்குக் குறையாதோர் உயிர் துறந்தனர். மதுரையில் வழக்கறிஞராயிருந்த ஜார்ஜ் ஜோசப் கள்ளர் மக்களுக்காக வாதாடினார். அவர்கள் அவரை ரோசாப்பூ துரை என்று அன்போடு அழைத்தனர். அவ்வாண்டுகளில் அரசாங்கம் கள்ளர் சீரமைப்பு என்ற திட்டத்தைத் தொடங்கி, ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தது. சீரமைப்பு எனத் தமிழில் வழங்கும் அச்சொல்லுக்கு நேரான ஆங்கிலச் சொல், தரிசு நிலத்தைத் திருத்தி மீட்பதற்கும் வழங்குவது. மனிதரைத் தரிசாகக் கண்ட பார்வை அதில் தெரிகிறது. எனினும், ஊரிலேயே அமைந்த பள்ளியில் படித்த பிள்ளை மாலையில் தன் வீட்டுக்குத் திரும்பினான். மக்கள் அப்பள்ளிகளைத் தமதாக்கிக்கொண்டனர். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இருநூற்றுக்கு மேற்பட்ட கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் ஏற்பட்டு, பல தலைமுறையினருக்குக் கல்வி அளித்துள்ளன. பள்ளி என்பது தீங்கன்று. வீட்டை விட்டுப் பிள்ளையைப் பறிப்பதே தீங்கு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

சட்டத்தை எதிர்த்துப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் முதலியோர் போராடினர். 1936-இல் நெல்லூரில் பேசிய ஜவாஹர்லால் நேரு, ஒரு குலத்தையே குற்றவாளி என்று சொல்லுவது எந்த நீதிக்கும் ஒவ்வாது என்று கண்டித்தார். சென்னை மாகாணம் 1947-இல் சட்டத்தை நீக்கிற்று. அனந்தசயனம் அய்யங்கார் தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பின், 1952 ஆகஸ்டு 31 அன்று இந்தியா முழுவதிலும் அது நீங்கியது. குற்றப் பரம்பரையினர் எனப்பட்டோர் தமிழக அரசின் வழக்கில் சீர்மரபினர் ஆயினர். பெயர் சீர்பட்டது, ஐயப்பாடு அகலவில்லை. பழக்கக் குற்றவாளிகள் பற்றிய சட்டங்கள் மாநிலங்களில் தொடர்ந்தன. சிறை விதிகளில் இம்மக்களைப் பற்றியிருந்த பழைய குறிப்புகளை உச்ச நீதிமன்றம் நீக்கியது 2024 அக்டோபரில்தான். சட்டம் மாண்டு எழுபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தும் அதன் நிழல் சிறைச்சாலை ஏடுகளில் வாழ்ந்திருந்தது!

இவ்வரலாற்றை எதிர்கொள்ளும் வழி யாது? ஒரு நல்ல வழியை ஆமதாபாத் காட்டுகிறது. அங்கே சாரா குலத்தார் வாழும் பகுதி சாராநகர். அவர்களும் குற்றக் குலமென எழுதப்பட்டுக் குடியிருப்பில் அடைக்கப்பட்டிருந்தவர்களே. 1998-இல் எழுத்தாளர் மகாசுவேதா தேவியும் பேராசிரியர் கணேஷ் தேவியும் அங்குச் சென்றனர். அவர்கள் துணையோடு இளைஞர்கள் ஒரு நூலகத்தை ஏற்படுத்தினர்; நூலகத்திலிருந்து ஒரு நாடகக் குழு பிறந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் மேற்கு வங்காளத்தின் புருலியா மாவட்டத்தில் புதன் சபர் என்னும் சபர் குலத்து இளைஞர் போலீஸ் காவலில் உயிரிழந்தார். கல்கத்தா உயர் நீதிமன்றம் அவர் மனைவிக்கு இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அவர் கதையையே முதல் நாடகமாக்கி, 1998 ஆகஸ்டு 31 அன்று அக்குழு மேடையேற்றிற்று. புதன் நாடகக் குழு என்றே பெயரும் கொண்டது. அங்கே வெளியார் புத்தகத்தையும் துணையையும் கொண்டுவந்தனர், பேசியவர் அம்மக்களே.

பெங்களூரில் வாழும் நமக்கு இதில் தனிப்பட்ட பொறுப்பு ஒன்றுண்டு. மூங்கில் பிளந்து கூடையும் முறமும் முடையும் கொரமர் இந்நகரிலும் வாழ்கின்றனர். அவர்கள் வீட்டில் வழங்கும் பேச்சு தமிழோடு நெருங்கிய உறவுடையது என்பர் மொழிநூலார். அம்மொழிக்குப் பாடநூல் இல்லை. இந்த மக்கள் கர்நாடகத்தில் அட்டவணைச் சாதியினர்; ஆந்திரத்தில் அட்டவணைப் பழங்குடியினர்; தமிழ்நாட்டிலோ இவர்களுள் பல பிரிவினர் சீர்மரபினர் பட்டியலில் உள்ளனர். எல்லைக் கல்லைத் தாண்டினால் உரிமை மாறுகிறது. பிழைப்புக்காக மாநிலம் விட்டு மாநிலம் வந்த நாம் அந்த அல்லலை உணராதவர் அல்லோம். நம் பிள்ளை பள்ளியிலிருந்து வேற்றுமொழியில் பேசிக்கொண்டு வரும்போது, தாத்தா பாட்டியோடு அவனுக்குப் பேச்சறுந்து போகுமோ என்று கலங்குகிறோம். அக்கலக்கம் பற்றியே தமிழ்ச் சங்கங்களில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். நாம் தானாக வந்தும் இத்துணைக் கலக்கம் உண்டெனின், சட்டத்தின் கையால் பிள்ளையைப் பறிகொடுத்தவளின் துயரை அளக்கவும் வேண்டுமோ?

நம் சங்கங்கள் ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் கம்பளியும் வழங்குகின்றன. மருத்துவ முகாம் நடத்துகின்றன. அவை தொடரட்டும். அவற்றோடு மூன்று செய்யலாம். ஆகஸ்டு 31-ஐ இம்மக்கள் விடுதலை நாளாகக் கொண்டாடுகின்றனர். அன்று நம் சங்க மண்டபத்தில் அவர்களைப் பேச அழைத்து நாம் கேட்டிருக்கலாம். உதவித்தொகை தருவதாயின், பிள்ளை வீட்டை விட்டு அகலாமலே படிக்க ஏற்ற வகையில் தரலாம். எது வேண்டும் என்பதை அவன் தாயையே முதலில் கேட்கலாம். மூன்றாவது, செலவில்லாதது: ஒரு குலத்தின் பெயரை வசைச்சொல்லாக வழங்கும் பழக்கத்தை நம் வீட்டுப் பேச்சிலிருந்தே நீக்கலாம். பிள்ளைகள் அதைப் பள்ளியிலே கற்பதில்லை; நம்மிடமே கற்கின்றனர்.

ஸ்டூவர்ட்புரத்தில் பிள்ளைகளைப் பிரித்தோர் கொடியவராகத் தம்மை எண்ணவில்லை. நன்மை செய்வதாகவே எண்ணினர். அவர்கள் செய்யாமல் விட்டது ஒன்றே: யாருக்கு நன்மை செய்ய முற்பட்டனரோ, அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கைப்பொருளோடு ஒரு வாசலில் சென்று நிற்கும் முன்னர், அவ்வீட்டார் சொல்வதைக் கேட்டறிந்து செல்லும் வழக்கத்தை நம் சங்கங்கள் மேற்கொள்ளுமாக.